அமல்தாஸ் லீவில் இருக்கிறார்

மைக்செட்காரனுக்கு எல்லா விசேஷமும் ஒன்றுதான். காதுகுத்து, கட்சிக் கூட்டம், மஞ்சள் நீராட்டு, கருமாதி, எதுவானாலும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, எப்போது முடியும், வயரை எப்போது சுருட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மாரண்டஹள்ளி வட்டாரத்தில் எனக்கு இது பலவருஷத் தொழில். யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது. வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் காதைக் கொடுத்துக் கேட்பேன். அது பட்டாளத்துக்காரர்களின் நாள்.

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊரைத் தாண்டி ரோட்டோரத்தில் ஒரு சிமெண்ட் ஷீட் கொட்டகை, முன்னால் கொடிக்கம்பம், பக்கத்தில் இடுப்பளவுக்கு ஒரு கருங்கல் தூண். எல்லாரும் ஒரே பட்டாளியனில் இருந்து ரிடையர் ஆனவர்கள். இண்டூரிலிருந்து பஸ் ஏறி வருவார்கள், மொரப்பூர்ப் பக்கமிருந்து பஸ் மாறி மாறி வருவார்கள். தக்காளி போடுகிறவர், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், ஏ.டி.எம். வாசலில் காவல் உட்காருகிறவர் என்று ஆளுக்கொரு பிழைப்பு. பொங்கல் முடிந்து வரும் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அத்தனை பேரும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் மெடலுமாக வந்து நிற்பார்கள்.

தலைவர் மாதவராஜ், சுபேதாராக இருந்தவர். என்னை நிம்மதியாகப் பந்தல் போடவிட்டதே இல்லை. நாற்காலி வரிசை கொஞ்சம் கோணினாலும், "நவநீதா, என்னடா பாம்பு போன தடமாட்டம் இருக்குது" என்பார். முதல் வருஷம் இந்த ஆளிடம் மனுஷன் வேலை செய்வானா என்று வயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியே விட்டேன். அப்புறம் என் அப்பா படுக்கையில் விழுந்தபோது, சங்கத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வந்தது. ஆஸ்பத்திரியில் முறை போட்டுக்கொண்டு துணைக்கு இருந்தார்கள். என் அப்பா பட்டாளத்தையே பார்த்தவர் இல்லை. நான் தயங்கியபோது, "வருசா வருசம் எங்க கூட நிக்கற. உங்கப்பனுக்கு நாங்க நிக்கக் கூடாதா" என்றார் மாதவராஜ். அதிலிருந்து அவர் காட்டிய இடத்தில் கயிறு கட்டுகிறேன், வாயைத் திறப்பதில்லை.

அவர்கள் விழாவில் சொற்பொழிவு கிடையாது. முதலில் இருக்கிறவர்களின் பேரை மாதவராஜ் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். பேருக்கு உரியவர் எழுந்து "ஹாஜிர் சாப்" என்பார், ஆஜர் என்று அர்த்தம். வர முடியாதவருக்கு யாராவது "லீவ்" என்று குரல் கொடுப்பார்கள். பிறகு போய்ச் சேர்ந்தவர்களின் பேர். ஒவ்வொரு பேருக்கும் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். அந்த ஆளோடு கடைசியாகக் கூட இருந்தவர் மைக்குக்கு வந்து அவரைப் பற்றி ஒரு சங்கதி சொல்ல வேண்டும். வீரதீரம் பேசக் கூடாது. அது மாதவராஜின் கண்டிப்பான சட்டம். "மெடல்ல எழுதியிருக்கறத நாங்க படிச்சுக்கறோம். நீ மனுசனச் சொல்லு" என்பார்.

அதனால்தான் கேட்கச் சுவாரசியமாக இருக்கும். ஒருவர் தூக்கத்தில் நடப்பாராம், ஒருவருக்கு வாழைப்பழம் என்றால் பயமாம். பனிமலையில் செத்துப்போன குரு என்பவர் ஊரிலிருந்து ராகிமாவு கொண்டுபோய், அந்தக் குளிரில் களி கிண்டி வைத்துவிட்டு மறந்து தூங்கிவிட்டாராம். காலையில் ஐஸ் வெட்டுகிற கோடாலியை எடுத்து வந்து களியை உடைத்துத் தின்றார்களாம். வருஷா வருஷம் இதே சங்கதிதான். வருஷா வருஷம் குருவின் சம்சாரம் தீர்த்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைப்பார். செத்தவன் பேரைச் சொல்லி அவன் பெண்டாட்டியைச் சிரிக்க வைக்கிற இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஒரே ஒரு பேர் மட்டும் இந்த இரண்டு பட்டியலிலும் சரியாக உட்காராது. அமல்தாஸ்.

குரு செத்த அதே பனிச்சரிவில்தான் அமல்தாஸும் மாட்டினார். மேலே இருந்த போஸ்டுக்கு மண்ணெண்ணெய் தூக்கிக்கொண்டு போன கூட்டம் அது. அப்போது அவில்தாராக இருந்த மாதவராஜும் தர்மன் என்பவரும் முன்னால் கடந்துவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் மேல் பனி இறங்கிவிட்டது. தோண்டியதில் எல்லாரும் கிடைத்தார்கள், அமல்தாஸ் மட்டும் கிடைக்கவில்லை. சர்க்கார் கொஞ்ச காலம் பொறுத்துவிட்டு இறந்ததாகவே முடித்துவிட்டது. மாதா கோயிலில் சாமியார் பூசையும் வைத்துவிட்டார். சங்கம் மட்டும் முடிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் பேரை இருக்கிறவர்களோடு கூப்பிடுவார்கள். தர்மன் எழுந்து, "லீவ் சாப்" என்பார். அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள். இருக்கிறவனைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசக் கூடாது என்பதால் அமல்தாஸைப் பற்றி மட்டும் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அமல்தாஸின் சம்சாரம் சகாயராணியின் நிலம் என் நிலத்துக்கு அடுத்த நிலம். வரப்பு ஒன்றுதான் நடுவில். மகள் சில்வியா ஓசூரில் நர்ஸ் வேலை பார்க்கிறது. அப்பா மலையில் போனபோது அது வயிற்றில் இருந்த குழந்தை. தவக்காலம் தொடங்குவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று இந்தத் தை மாதம் நாள் குறித்திருந்தார்கள். பந்தலும் மைக்செட்டும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை விழா. அதற்கு முன்தினங்களில் சங்கத்து ஆட்கள் புருஷன் இல்லாத வீடுகளின் நிலத்தில் இறங்கி வேலை செய்வது வழக்கம். அதற்கு அவர்கள் 'பட்டீக்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். பட்டாளத்தில் துப்பாக்கி பிடிக்காத நேரத்தில் செய்கிற வேலைக்கு அதுதான் பேராம். வியாழக்கிழமை சகாயராணியின் தக்காளிக்கு வந்தார்கள்.

விடிந்தும் பனி விலகவில்லை. எதிர் வரப்பில் நிற்கிற ஆள் தெரியவில்லை, பேச்சு மட்டும் கேட்டது. அறுபதைத் தாண்டிய மனுஷர்கள் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, சாலுக்கு ஓர் ஆளாக உட்கார்ந்து பழம் பறித்தார்கள். செங்காய் ஒரு பிளாஸ்டிக் கிரேடு, பழம் ஒரு கிரேடு, வெடித்தது ஒரு கூடை என்று பிரித்து அடுக்கினார்கள். இலையெல்லாம் ஈரம். சட்டைக் கை முழங்கை வரைக்கும் நனைந்து, தக்காளிச் செடியின் பச்சைக் கறை ஏறியிருந்தது. நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சாலைப் பிடித்துக்கொண்டேன். வேடிக்கை பார்த்தால் மாதவராஜ் விடமாட்டார்.

"பெரியநாயகம், பழத்தப் பறிக்கறயா, முட்டையப் பொறுக்கறயா? கொஞ்சம் வெரசா ஆவட்டும்" என்று பனிக்குள்ளிருந்து மாதவராஜின் குரல் வந்தது.

"மெதுவாப் பறிச்சாத்தான் சாப் காம்பு ஒடியாது. இருவது வருசம் வெங்காயம் உரிச்ச கையி. எனக்குத் தெரியும்." இது பெரியநாயகம். பட்டாளியனில் சமையல்காரராக இருந்தவர். சங்கத்தில் என்ன விசேஷம் என்றாலும் அடுப்பு அவருடையது.

"நீ உரிச்ச வெங்காயத்துக்கு நாங்கதான அழுதோம்" என்றார் தர்மன்.

வெயில் ஏறுவதற்குள் கிரேடெல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. கிணற்று மேட்டில் வட்டமாக உட்கார்ந்தோம். சகாயராணியும் சில்வியாவும் களி உருண்டையும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் கொண்டு வந்து வைத்தார்கள். இந்தப் பனிக்காலத்தில் அவரைக்கொட்டையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கித் தள்ளிவிட்டு வைக்கிற குழம்பு எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் மணக்கும். ஆனாலும் சங்கத்து ஆட்கள் சகாயராணி வீட்டுக் குழம்புக்கு ஒரு தனி மரியாதை வைத்திருந்தார்கள். வருஷா வருஷம் அதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

சகாயராணி குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணுங்க."

"கேளும்மா" என்றார் மாதவராஜ்.

"இந்த வருசம் அவர் பேரச் செத்தவங்களோட கூப்புடுங்க."

களியைக் கிள்ளிய மாதவராஜின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. தர்மன் என்னைப் பார்த்தார். நான் சில்வியாவைப் பார்த்தேன். அது தலையைக் குனிந்துகொண்டிருந்தது. வீட்டில் ஏற்கெனவே பேசி முடித்த விஷயம் என்று தெரிந்தது.

"யாராச்சும் எதுனா சொன்னாங்களா? மாப்பிள்ள வூட்டுல..."

"அவங்க நல்லவங்கண்ணா. ஒண்ணும் சொல்லல. பேச்சோட பேச்சா, உங்கப்பா எப்படிப்பட்டவரும்மான்னு மாமியார்காரம்மா கேட்டிருக்காங்க. இவ மிலிட்டரில இருந்தாருன்னு சொல்லியிருக்கா. அது தெரியும்மா, ஆளு எப்படின்னு கேட்டிருக்காங்க. இவளுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. வூட்டுக்கு வந்து என்னைக் கேட்டா."

சகாயராணி முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டார்.

"எனக்கும் தெரியலண்ணா. கல்யாணமாயி ரெண்டே லீவு. ஒட்டுக்காச் சேத்தா நாலு மாசம் இருந்திருப்பாரு. அதுலயும் பாதி நாள் சொந்தக்காரங்க வூடு, பாதி நாள் கழனி. ராத்திரில பேசறதுதான். அப்ப எனக்கு வெக்கம், நானும் சரியாப் பேசல. நீங்க அவரோட ஆறு வருசம் இருந்தீங்க. ஒரே டென்ட்டுல படுத்தீங்க. தீர்த்தம்மாக்கா வருசா வருசம் அவங்கூட்டுக்காரரப் பத்திக் கேட்டுட்டுப் போறாங்க. நான் என்னத்தக் கேட்டுட்டுப் போறன்? லீவுன்னு கேட்டுட்டுப் போறன்."

"நீதானம்மா சொன்ன." மாதவராஜின் குரல் இறங்கிவிட்டது. "மொத வருசம் கைக்கொழந்தையோட கொட்டாய்க்கு வந்து, என் புருசன் பேரச் செத்தவங்களோட சேத்தா இங்கயே உயிர விட்டுருவன்னு சொன்ன. நாங்க அத்தன பேரும் தூணு முன்னால நின்னு உனக்கு வாக்குக் குடுத்தோம்."

"அப்ப எனக்கு இருவத்தொரு வயசுண்ணா. அதுக்கப்புறம் யாருமே என்னைக் கேக்கலயே."

யாரும் கேட்கவில்லைதான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு உத்தரவு வந்தால், அதை ரத்து செய்கிறவர் வந்து சொல்கிற வரைக்கும் காத்து நிற்கிற மனுஷர்கள் இவர்கள். அந்தச் சின்னப் பெண் அழுதுகொண்டு சொன்னதை இருபத்திரண்டு வருஷம் கல்லாகக் காத்து நின்றிருக்கிறார்கள். இந்த அம்மாளோ, இத்தனை செய்கிற மனுஷர்களிடம் இன்னும் ஒன்று கேட்பதா என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். நல்லவர்களே சேர்ந்து ஒருத்தருக்கொருத்தர் இப்படிச் செய்துகொண்டதை நினைத்தால் கோபம் கூட வரவில்லை, பாவமாக இருந்தது.

மாதவராஜ் எழுந்து கையைக் கழுவினார். "உடம்பப் பாக்காம எப்படிம்மா... வேற யாராவது சொல்லட்டும், என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு வரப்பில் நடந்தார். அவர் தட்டில் பாதிக் களி அப்படியே இருந்தது. சோற்றை மிச்சம் வைத்தால் அடுத்தவனைத் திட்டுகிற மனுஷன் அவர்.

சனிக்கிழமை மத்தியானம் கொட்டகையில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். பெரியநாயகம் அடுப்புக் கல்லை நகர்த்திக்கொண்டிருந்தார். மறுநாள் விருந்தை அவர்கள் 'படாகானா' என்பார்கள். பூரி, கிழங்கு, கறி, ரவைக் கேசரி. அதற்கு உள்ளூர்ப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். தீர்த்தம்மாள் அதில் ஒருத்தர். மாதவராஜ் என்னை வேலை வாங்கவில்லை. ஸ்பீக்கர் ஒரு பக்கம் சாய்ந்திருந்ததைக்கூடப் பார்க்காமல், நாற்காலியில் உட்கார்ந்து கல்தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்த்தம்மாள் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார்.

"மாதவராஜு, சகாயராணி சொன்னா. முடியாதுன்னியாமே."

"அண்ணி, நீங்களுமா? குரு அண்ணனக் கண்ணால பாத்தோம். தூக்கிட்டு வந்தோம். நீங்க மூஞ்சியப் பாத்தீங்க. இவன எங்க பாத்தேன்? மேலருந்து எறங்கச் சொல்லி ஆர்டர் வந்துச்சு. நான் திரும்பி வரன்டான்னு அந்தப் பனியப் பாத்துச் சொல்லிட்டுத்தான் எறங்குனன். இன்னிக்குச் செத்துட்டான்னு நானே மைக்குல சொன்னா, தேடறத வுட்டுட்டன்னுதான அர்த்தம்?"

"நீ எங்கடா தேடற? நீ மாரண்டஹள்ளில தக்காளி பறிக்கற."

நான் ஏணியில் நின்றபடி சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மாதவராஜிடம் 'டா' போட்டுப் பேச ஊரில் அந்த அம்மாள் ஒருத்தருக்குத்தான் உரிமை.

"இங்க பாரு. எம் புருசன நான் மண்ணுல வெச்சது ஒரு தடவ. ஆனா வருசத்துக்கு ஒருக்கா நீங்க அந்த மனுசனக் கூட்டிட்டு வந்து எம் முன்னால நிறுத்தறீங்க. களிய வெட்டித் தின்ன கதையக் கேட்டுட்டுப் போனா, எனக்கு அன்னிக்கு ராத்திரி வூடு காலியா இருக்காது. எம் பக்கத்து நாற்காலில உக்காந்து அவ என் மூஞ்சியப் பாத்துட்டிருப்பா. நான் சிரிக்கறதப் பாத்துட்டிருப்பா. இத்தன வருசம் அது எனக்குப் புரியல பாரு, எனக்கே என்னைச் செருப்பால அடிச்சுக்கலாம்னு இருக்குது. நீ அவன உயிரோட வெச்சிருக்கன்னு நெனச்சுட்டிருக்க. அவளுக்கு அவன் ஒரு பேருடா, வேற ஒண்ணுமில்ல."

மாதவராஜ் மறுபடி கல்தூணைப் பார்த்தார். பெரியநாயகம் அடுப்புக் கல்லை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடைசியாக் கூட இருந்தவன்தான் சங்கதி சொல்லணும் அண்ணி. கயித்தப் புடிச்சு வரிசையாப் போனப்ப அவனுக்கு முன்னாடி போன ஆளு நான். அப்ப நான்தான் சொல்லணும்."

"சொல்லு. நீ என்ன ஊமையா?"

"என்கிட்ட இருக்கற சங்கதி நல்ல சங்கதி இல்ல."

"நல்லது கெட்டத அவ பாத்துக்குவா" என்றார் தீர்த்தம்மாள். போய் மறுபடி பூண்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் நல்ல பனி. கொடி ஏற்றினார்கள். துணி நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. கல்தூணுக்கு சாமந்தி மாலை போட்டு மெழுகுவர்த்தியும் அகல்விளக்கும் வைத்தார்கள். சகாயராணி எப்போதும் போல இரண்டாவது வரிசையில், தீர்த்தம்மாள் பக்கத்தில். சில்வியா பின்னால் நின்றது. கல்யாணம் ஆகப்போகிற ஜோசப் ராஜும் ஓசூரிலிருந்து பைக்கில் வந்து அதற்குப் பக்கத்தில் நின்றான்.

மாதவராஜ் மைக் முன்னால் வந்தார். இருக்கிறவர்களின் பேரைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருத்தராக எழுந்து "ஹாஜிர் சாப்" என்றார்கள். யார் யாருக்கோ "லீவ்" என்றார்கள். அமல்தாஸின் பேர் எந்தப் பேருக்கு அடுத்து வரும் என்று எனக்கே மனப்பாடம். தர்மன் வழக்கமான ஞாபகத்தில் பாதி எழுந்துவிட்டார். மாதவராஜ் அந்தப் பேரைச் சொல்லாமல் அடுத்த பேருக்குப் போனார். தர்மன் அப்படியே உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறுபது வயது மனுஷன், தோள் குலுங்கியது.

செத்தவர்களின் பேர் தொடங்கியது. எல்லாரும் எழுந்தோம். தூக்கத்தில் நடந்தவர் வந்தார், வாழைப்பழத்துக்குப் பயந்தவர் வந்தார், களி கிண்டிய குரு வந்தார். அன்றைக்கு மட்டும் தீர்த்தம்மாள் சிரிக்கவில்லை. சகாயராணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அமல்தாஸ்" என்றார் மாதவராஜ்.

அதற்கு மேல் மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. சங்கதி சொல்ல வேண்டியவர் அவர். அவரே மைக் முன்னால் நின்றுகொண்டு திணறுகிறார்.

அடுப்புப் பக்கமிருந்து பெரியநாயகம் கரண்டியோடு வந்தார். "சாப், சட்டப்படி நீங்கதான் மொதல்ல. பரவால்ல, நான் ஒண்ணு சொல்லிட்டுப் போறன், எண்ண காயுது" என்று மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அமல்தாஸ் என் சமையல வாயில வெக்கமாட்டான். நான் என்ன குழம்பு வெச்சாலும், 'எங்கூட்டுக்காரி வெக்கற பிதுக்கம்பருப்புக் குழம்பு மாதிரி வருமா'ம்பான். கொட்டைய எப்படி ஊற வெக்கணும், தேங்காய எப்ப அரைச்சு ஊத்தணும், எல்லாத்தையும் எனக்கு வெளக்குவான். பட்டாளியன்ல அந்தக் குழம்பப் பத்தித் தெரியாத ஆளு கெடயாது. பஞ்சாப்காரன்கூடக் கேப்பான். அதனாலதாம்மா நாங்க ஒவ்வொரு வருசமும் உங்கையால அதக் கேட்டு வாங்கிச் சாப்புடறது."

சகாயராணி வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு கூட்டம் கேட்கச் சொன்னார்:

"பொய்யிங்க."

எல்லாரும் திரும்பினோம்.

"அப்ப எனக்கு சுடுதண்ணிகூட வெக்கத் தெரியாதுங்கண்ணா. வூட்டுல ஒரே பொண்ணு, எங்கம்மா அடுப்படிக்கே வுட்டதில்ல. ஒரு நாளு வெச்சன், தீஞ்சு போயி எங்க மாமியார் நாய்க்கு ஊத்துனாங்க. நாயும் சாப்புடல. அதெல்லாம் மாமியார் வெச்ச குழம்பு. அவர் எதுக்கு எம் பேரச் சொன்னாரு?"

தர்மன் முதலில் சிரித்தார். பிறகு பந்தல் முழுக்கச் சிரிப்பு. சகாயராணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாளுக்குக் கண்ணிலிருந்து கொட்டத் தொடங்கிவிட்டது, துடைக்கக்கூட இல்லை. நாலு மாசம் கூட இருந்த புருஷன், தூர தேசத்தில், தெரியாத சமையலுக்குத் தனக்குப் பேர் வாங்கிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்பது அப்போதுதான் அந்த அம்மாளுக்குத் தெரிகிறது.

தர்மன் மைக்குக்கு வந்தார். அமல்தாஸுக்குக் காலையில் எழுப்பினால் கோபம் வரும் என்றார். பேச மாட்டாராம், டீ குடித்து முடிக்கிற வரைக்கும் யார் கேட்டாலும் விரலால்தான் பதிலாம். பின்னால் ஜோசப் ராஜ் சில்வியாவைத் திரும்பிப் பார்த்தான். "நீயும் அப்படித்தான்" என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது. இன்னொருவர் வந்து, தலைமுடி கொட்டுகிறது என்று அமல்தாஸ் கடுகெண்ணெயைத் தடவிக்கொண்டு தலையணையெல்லாம் நாசம் பண்ணிய கதையைச் சொன்னார். ஒருத்தர் நகர்வதற்குள் அடுத்தவர் மைக்குக்கு வந்தார். இருபத்திரண்டு வருஷமாக வாயில் வைத்துப் பூட்டியிருந்ததை எல்லாரும் ஒரே காலையில் கொட்டினார்கள். பனி விலகி வெயில் வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

கடைசியில் மாதவராஜ் மறுபடி மைக்கைப் பிடித்தார்.

"நான் சொல்லணும்" என்றார். "அவன் பாடுவான். டென்ட்டுலயும் பாடுவான், நடக்கும்போதும் பாடுவான். கோயில் பாட்டு, சினிமா பாட்டு எல்லாம் கலந்து. அன்னிக்குக் கயித்துல போறம். அந்த மாதிரி எடத்துல சத்தமே போடக் கூடாது. இவன் பின்னால மெதுவா முனகிட்டு வரான். எனக்குக் குளிரு, பயம், எரிச்சல். திரும்பி... வாய மூடுடா சனியனேன்னு சொன்னன். அவன் நிறுத்திட்டான். கொஞ்ச தூரத்துல பனி எறங்கிருச்சு. தங்கச்சி, உம் புருசன்கிட்ட கடைசியாப் பேசுன ஆளு நான். பேசுனது அதுதான். இத நான் எப்படி மைக்குல சொல்லுவன்? அதான் அவன லீவுலயே வெச்சிருந்தன். நீ வாக்குக் கேட்டது எனக்கு வசதியாப் போச்சு."

அவர் நிமிர்ந்து நிற்கப் பார்த்தார். முடியவில்லை. அப்படி ஒரு விறைப்பான மனுஷன் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவரைப் போய்த் தேற்ற யாருக்குத் தைரியம் வரும் என்று நான் பார்த்தேன்.

சகாயராணி வரிசையை விட்டு வெளியே வந்தார். தூணைத் தாண்டி நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

"அண்ணா, நானும் அதையேதாங்க சொல்லுவன்."

மாதவராஜ் தலையைத் தூக்கினார்.

"ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பாடுவாருங்க. பக்கத்து வூட்டுல சிரிப்பாங்க. எனக்கு மானம் போவும். வாய மூடுங்கன்னுதான் நானும் சொல்லுவன். அவருக்குப் பாடவே வராதுங்கண்ணா."

மாதவராஜ் அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் முகம் மெல்ல மாறியது.

"வராதும்மா" என்றார். "சுத்தமா வராது."

பின்னாலிருந்து சில்வியா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தது. நான் நூல் பிடித்துப் போட்டிருந்த வரிசையைக் கலைத்து, அம்மாவுக்குப் பக்கத்தில், மைக்குக்கு எதிரே போட்டு உட்கார்ந்தது. மாதவராஜ் ஒன்றும் சொல்லவில்லை. பெரியநாயகம் பூரி ஆறுகிறது என்று கத்தினார், யாரும் அசையவில்லை.

"எப்படிப் பாடுவாரு மாமா?" என்று கேட்டது சில்வியா. "பாடிக் காட்டுங்க."